நொஸொஸ்: பழங்கிரேக்க மொழியின் 'நோய்', அதன் வடிவங்கள், படிப்பவர் தடுமாறும் இடங்கள்

பழங்கிரேக்க அகராதியில் நோய்க்கான முதன்மைச் சொல்லைத் தேடினால் மூன்று துண்டுகளாக ஒரு பதிவு கிடைக்கும்: நொஸொஸ், -ஊ, ஹே. முதல் துண்டு எழுவாய் ஒருமை. இரண்டாவது ஆறாம் வேற்றுமை ஈறு. அதைச் சேர்த்தால் நொஸூ, அதாவது 'நோயின்'. மூன்றாவது துண்டான ஹே, பெயருக்கு முன்னால் வரும் பெண்பால் சுட்டுச்சொல். படிக்கத் தொடங்குபவர்கள் முதல் இரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டு மூன்றாவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இந்தச் சொல்லில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

கிரேக்கப் பெயர்ச்சொற்கள் மூன்று பெரிய வாய்பாடுகளில் அடங்கும். -ஒஸ் என முடிபவை பொதுவாக இரண்டாம் வாய்பாட்டைச் சேர்ந்த ஆண்பால் சொற்கள். லொகொஸ் (சொல்), ஹிப்பொஸ் (குதிரை), அந்த்ரோப்பொஸ் (மனிதன்) எல்லாம் அப்படித்தான். நொஸொஸும் அதே வாய்பாட்டில்தான் உருமாறுகிறது. ஆனால் பால் மட்டும் பெண்பால். இது விதிவிலக்கான தனிச்சொல் அல்ல. ஹொதொஸ் (பாதை), நேஸொஸ் (தீவு), வாக்களிக்கப் பயன்பட்ட கூழாங்கல்லான ப்ஸேஃபொஸ், கொரிந்தொஸ், ரொதொஸ் போன்ற ஊர், தீவுப் பெயர்கள் என்று ஒரு சிறிய குடும்பமே இப்படி இருக்கிறது. இலக்கணப் புத்தகங்கள் இந்தக் குடும்பத்துக்கு எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் ஹொதொஸைத்தான் தருகின்றன. நொஸொஸைத் தருவதே மேல் என்பது என் கருத்து. ஹோமரில் தொடங்கி விவிலியம் வரை எந்த நூலை எடுத்தாலும் அது வருகிறது. அதன் வினைச்சொல்லும் கூடவே வருகிறது.

வடிவங்களைப் பார்ப்பதற்கு முன் எழுத்தைப் பற்றிச் சற்று. கிரேக்கத்தில் ஒ, ஓ இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. குறிலுக்கு ஒமிக்ரோன், நெடிலுக்கு ஒமேகா. எ, ஏ இரண்டுக்கும் அப்படியே எப்சிலோன், ஏட்டா. ரோமன் எழுத்தில் பெயர்க்கும்போது இந்த வேறுபாடு பெரும்பாலும் தொலைந்துபோகும். தமிழ் எழுத்தில் தொலையாது. ஆகவே கீழே தரும் வடிவங்களில் ஒ, ஓ வேறுபாட்டை எழுத்துக்கு எழுத்து நம்பலாம். சொல்லின் நடுவில் க்க, த்த என்று இரட்டித்து எழுதியிருப்பது வல்லோசையைக் காட்டுவதற்காக மட்டுமே.

ஒருமை: ஹே நொஸொஸ் (நோய்), தேன் நொஸொன் (நோயை), தேஸ் நொஸூ (நோயின்), தேய் நொஸோய் (நோய்க்கு). விளி வடிவம் நொஸெ, 'நோயே'. பன்மை: ஹய் நொஸொய் (நோய்கள்), தாஸ் நொஸூஸ் (நோய்களை), தோன் நொஸோன் (நோய்களின்), தய்ஸ் நொஸொய்ஸ் (நோய்களுக்கு). இரண்டு பொருள்களை மட்டும் குறிக்கும் இருமை எண்ணும் உண்டு: நொஸோ, நொஸொய்ன். இருமையைத் தொடக்கத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருந்தால், வாசிப்பில் எதிர்ப்படும்போது அடையாளம் காணலாம்.

இனி அந்த வரிசையைக் காதுகொடுத்துக் கேட்டுப் பாருங்கள். நொஸொன் என்றால் 'நோயை'. நொஸோன் என்றால் 'நோய்களின்'. நொஸொய் 'நோய்கள்', நொஸோய் 'நோய்க்கு'. ஒரே ஒரு மாத்திரை கூடினால் எண்ணும் மாறுகிறது, வேற்றுமையும் மாறுகிறது. இந்த நீட்டலைப் பொருட்படுத்தாமல் படிப்பவருக்கு இச்சொல்லின் வடிவங்கள் ஒன்றோடொன்று குழம்பிக்கொண்டே இருக்கும்.

ஏதென்ஸ் நகரத்தாருக்கே எழுத்தில் இந்தக் குழப்பம் இருந்தது. கி.மு. 403-இல், யூக்ளிடீஸ் என்பவர் ஆர்க்கோனாக, அதாவது நகரத்தின் தலைமை அதிகாரியாக, பதவி வகித்த ஆண்டில், அந்நகரம் ஆசியாமைனர்க் கடற்கரைக் கிரேக்கரின் அயோனிய அகரவரிசையை அதிகாரபூர்வமாக ஏற்றது. அதற்கு முந்தைய அரசுக் கல்வெட்டுகளில் ஒமேகா கிடையாது. ஒ, ஓ, நெடிலாக ஒலித்த -ஊ ஆகிய மூன்றுக்கும் ஒரே வட்ட எழுத்துத்தான். அந்த முறையில் எழுதினால் 'நோயை', 'நோய்களின்' இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. 'நோய்' என்ற எழுவாயும் 'நோய்களை' என்ற பன்மையும் ஒன்றே. 'நோயின்' என்ற ஒருமையும் இருமை எழுவாயும் ஒன்றே. படிப்பவர் இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். தமிழ்ச் சுவடிகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட வேண்டும் என்று தொல்காப்பியம் சொன்னாலும் ஏடுகளில் புள்ளி விடுபட்டே வந்தது. கொம்பின் வடிவத்தை மாற்றிக் குறிலையும் நெடிலையும் பிரித்தவர் என்று 18-ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவரைச் சொல்கிறோம்.

பாலைக் காட்டுவது ஈறு அல்ல, துணைச்சொல்

நொஸொஸின் ஈறு அதன் பாலைக் காட்டாது. பக்கத்தில் நிற்கும் சுட்டுச்சொல், பெயரடை, எச்சம் ஆகியவைதான் காட்டும். ஹோமரின் இலியட் காப்பியத்தின் முதல் பாடல் பத்தாம் அடியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அப்பொல்லோ சினங்கொண்டு கிரேக்கப் படையின் மீது கொடிய நோயை ஏவுகிறான். அடியின் முதற்சொல் நூஸொன், 'நோயை'. அதற்குரிய பெயரடையான கக்கேன், 'கொடிய', நான்கு சொற்கள் தள்ளி வருகிறது. ஒன்று -ஒன் என்றும் மற்றது -ஏன் என்றும் முடிகின்றன. ஓசை ஒத்துப்போகவில்லையே என்று தயங்க வேண்டாம். இரண்டும் இரண்டாம் வேற்றுமை, இரண்டும் ஒருமை, இரண்டும் பெண்பால். கிரேக்கத்தில் பெயரடை பெயரோடு ஒத்துப்போவது பால், எண், வேற்றுமை மூன்றில்தான். ஈற்றோசையில் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. லூக்கா நற்செய்தி 4:40-இல் நொஸொய்ஸ் பொய்க்கிலய்ஸ், 'பலவகை நோய்களால்' என்று வருவதும் இதே கணக்கு. மத்தேயு 4:23-இல் பாஸன் நொஸொன், 'எல்லா நோயையும்'. பாஸன் பெண்பால் வடிவம். ஆண்பாலாக இருந்திருந்தால் பன்த்த என்று வந்திருக்கும்.

துணைச்சொல்லும் சில நேரம் உதவாது. கிரேக்கத்தில் சில பெயரடைகளுக்கு ஆண்பாலும் பெண்பாலும் ஒரே வடிவம். கூட்டுச்சொற்களாக அமைந்த பெயரடைகள் பெரும்பாலும் இவ்வகை. 'தீராத நோய்' என்பது அனியாத்தொஸ் நொஸொஸ். இதை மட்டும் பார்ப்பவர் ஆண்பால் என்றே முடிவு கட்டுவார். -ஓதேஸ் என முடியும் பெயரடைகளும் அப்படித்தான். ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பொனேசியப் போரின் இழப்புகளைத் தொகுத்துச் சொல்லும் முதல் புத்தகம் 23-ஆம் அதிகாரத்தில் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் கொள்ளைநோயை ஹே லொய்மோதேஸ் நொஸொஸ் என்கிறார். லொய்மோதேஸ் எதையும் காட்டிக்கொடுக்காது. முன்னால் நிற்கும் ஹே என்ற சுட்டும், அதே வாக்கியத்தில் 'கேடு செய்த', 'அழித்த' என்ற பொருளில் வரும் -அஸ என முடியும் பெண்பால் எச்சங்களும்தான் காட்டும்.

பழங்கவிஞர் ஹெஸியோதின் ஓர் இடம் இன்னும் நல்ல பயிற்சி. தீமைகள் அடைபட்டிருந்த பண்டோராவின் சாடி திறந்தபின் நோய்கள் பகலிலும் இரவிலும் தாமாகவே மனிதரிடம் வருகின்றன. பேசாமல் வருகின்றன, ஏனென்றால் ஜீயஸ் அவற்றின் குரலைப் பறித்துவிட்டான். இங்கே எழுவாய் நூஸொய். அதற்கு அடையாக வரும் அவ்தொமத்தொய், 'தாமாகவே', -ஒய் என முடிந்து ஆண்பால் போலத் தோற்றமளிக்கிறது. ஆனால் அதே வாக்கியத்தில் ஃபெரூஸய், 'கொண்டுவருகிற', என்ற எச்சம் ஐயத்துக்கே இடமில்லாத பெண்பால். இரண்டும் தழுவுவது ஒரே பெயரைத்தான். முதலாவது இருபாலுக்கும் பொதுவான வடிவம்.

நொஸொஸும் நூஸொஸும்

மேலே ஹோமரிலும் ஹெஸியோதிலும் நொஸொஸ் நூஸொஸ் ஆகிவிட்டது. இது வேறு சொல் அல்ல; அயோனிய வழக்கின் வடிவம். ஹோமர், ஹெஸியோத், ஹெரோடோட்டஸ், ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்கள் எல்லாம் இந்த வடிவத்தையே பயன்படுத்துகின்றன. ஏதென்ஸின் அட்டிக் வழக்கில் எழுதிய தூசிடிடீஸ், பிளேட்டோ முதலியோரிடம் நொஸொஸ். வாய்பாடு மாறாது: நூஸொஸ், நூஸொன், நூஸூ, நூஸோய். பன்மையில் நான்காம் வேற்றுமை மட்டும் அயோனியத்தில் நீண்டு நூஸொய்ஸி என்று வரும்.

மாறுவது சுரக்குறி. பழங்கிரேக்கத்தில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசை உயர்ந்த சுரத்தில் ஒலித்தது. அதைக் காட்டும் குறிகளை அலெக்சாந்திரியா அறிஞர்கள் கி.மு. 200 வாக்கில் வகுத்தார்கள் என்பது மரபு. நொஸொஸின் முதல் அசை குறில். ஆகவே எல்லா வடிவத்திலும் அதன்மேல் ஒரே ஏறுகுறிதான். நூஸொஸில் அந்த அசை நெடில். அங்கே ஒரு விதி குறுக்கிடும்: சுரம் விழும் ஈற்றயல் அசை நெடிலாகவும் ஈற்றசை குறிலாகவும் இருந்தால் ஏறி இறங்கும் வளைகுறி, ஈற்றசையும் நெடிலானால் ஏறுகுறி. எனவே நூஸொஸ், நூஸொன் இரண்டுக்கும் வளைகுறி. நூஸூ, நூஸோய், நூஸோன் மூன்றுக்கும் ஏறுகுறி. நூஸொய் என்ற எழுவாய்ப் பன்மையில்தான் பலர் தவறுவார்கள். அதன் ஈற்றில் இரட்டையுயிர் இருந்தாலும் சுரக்கணக்கில் அது குறில், ஆகவே வளைகுறி. நூஸொய்ஸ் என்று ஸகர மெய் சேர்ந்துவிட்டால் நெடிலாகக் கணக்காகி ஏறுகுறிக்குத் திரும்பும்.

இந்த நீட்டல் ஏன் வந்தது? அட்டிக் மொனொஸ் அயோனியத்தில் மூனொஸ். அட்டிக் கொரே அயோனியத்தில் கூரே. இவற்றில் பழைய வகர ஒலி ஒன்று மறைந்தபோது அயோனியம் முன்னுயிரை நீட்டியது, அட்டிக் நீட்டவில்லை. நொஸொஸ், நூஸொஸ் இணையும் அதே அச்சில் வார்த்தது போலத்தான் தெரிகிறது. ஆனால் வினைச்சொல் ஒத்துவரவில்லை. வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் முதல் புத்தகம் 105-ஆம் அதிகாரத்தில், அஸ்கலோன் கோயிலைக் கொள்ளையடித்த ஸ்கித்தியர்மீது தெய்வம் ஏவிய நோயைப் பற்றி எழுதுகிறார். அங்கே பெயர்ச்சொல் நூஸொன் என்று நெடிலோடு வருகிறது. அடுத்து வரும் வினை நொஸெயெய்ன், 'நோயுற்றிருத்தல்', என்று குறிலோடு வருகிறது. ஒரே ஆசிரியர், ஒரே வாக்கியம், இரண்டு அளவு. பெயரின் நீட்டலுக்குச் சொல்லும் காரணம் வினைக்கும் பொருந்தியிருக்க வேண்டும், பொருந்தவில்லை. இதனால்தான் சொற்பிறப்பு அகராதிகள் நொஸொஸின் மூலம் முடிவாகாதது என்று பதிகின்றன.

தமிழ் வாசகர் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். நொஸொஸ், நோய் என்ற ஒலி ஒற்றுமையைக் காட்டி இரண்டும் உறவு என்று சொல்லும் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. நோய் என்பது நோ என்ற வினையடியில் பிறந்தது. நோகிறது, நொந்தான், நோவு எல்லாம் அதன் கிளைகள். கன்னடத்திலும் மலையாளத்திலும் நோவு, தெலுங்கில் நொப்பி என்று திராவிட மொழிகளுக்குள்ளேயே அதன் சுற்றம் தெளிவாக நிற்கிறது. அந்த அடியில் ஸகரத்துக்கு இடமே இல்லை. கிரேக்கச் சொல்லிலோ ஸகரம் பகுதியின் உறுப்பு; எந்த வேற்றுமையிலும் அது விலகாது. முதல் எழுத்து ஒத்திருப்பது தற்செயல்.

வேற்றுமைகள் வேலை செய்யும் விதம்

தமிழில் எட்டு வேற்றுமை, கிரேக்கத்தில் ஐந்து. ஆகவே ஒரு கிரேக்க வேற்றுமை பல தமிழ் உருபுகளின் வேலையைச் செய்யும். நொஸோய் என்பதை 'நோய்க்கு' என்று மட்டும் மனத்தில் பதித்தால் பாதி இடங்களில் வாக்கியம் உடையும். நொஸோய் அப்பெத்தனென் என்றால் 'நோயால் இறந்தான்'. அங்கே வடிவம் நான்காம் வேற்றுமை, பொருள் நம் மூன்றாம் வேற்றுமை. 'இல்' என்ற பொருளுள்ள 'என்' என்ற கிரேக்க முன்சொல்லோடு 'என் நொஸோய்' என்றால் 'நோயில்'. ஆறாம் வேற்றுமையும் அப்படியே: தனித்து நின்றால் 'நோயின்', விடுபடுதலைக் குறிக்கும் வினைகளோடு 'நோயிலிருந்து', ஹுப்போ என்ற முன்சொல்லோடு 'நோயால்'. இரண்டாம் வேற்றுமை எய்ஸ் என்ற முன்சொல்லோடு சேர்ந்தால் 'நோய்க்குள்'. கிரேக்கர் நோய்க்குள் விழுந்தார்கள், நாம் நோயில் விழுகிறோம். இந்த இடத்தில் இரு மொழிகளும் ஒரே விதமாக யோசிக்கின்றன.

பிளேட்டோ முதலிய அட்டிக் நூல்களின் கையெழுத்துப் படிகளிலும் கல்வெட்டுகளிலும் நொஸோய் வடிவத்தின் ஈற்று இகரம் பக்கத்தில் எழுதப்படுவதும் உண்டு, விடப்படுவதும் உண்டு. அச்சுப் பதிப்புகளில் அது ஒமேகாவுக்குக் கீழே சிறு கோடாக நிற்கும். அந்தக் கோட்டைப் பார்க்கத் தவறினால் 'நோயால்' என்பது 'இரண்டு நோய்கள்' ஆகிவிடும்.

வினைச்சொல்லும் 'நோயுற்றவ'னும்

நோயுற்றிருத்தலைச் சொல்லும் வினை நொஸெயோ. இதன் அடி எகரத்தில் முடிவதால் அட்டிக்கில் எகரமும் ஈற்றுயிரும் புணர்ந்து ஒன்றாகும். மூன்று விதிகள் போதும்: எ + எ = எய், எ + ஒ = ஊ, நெடிலுக்கும் இரட்டையுயிருக்கும் முன்னால் எகரம் மறையும். நிகழ்காலம் இப்படி வரும்: நொஸோ (நோயுற்றிருக்கிறேன்), நொஸெய்ஸ் (இருக்கிறாய்), நொஸெய் (இருக்கிறான், இருக்கிறாள்), நொஸூமென் (இருக்கிறோம்), நொஸெய்த்தெ (இருக்கிறீர்கள்), நொஸூஸி (இருக்கிறார்கள்). தொடர் இறந்தகாலம் எனொஸூன். இது தன்மை ஒருமைக்கும் படர்க்கைப் பன்மைக்கும் ஒன்றே, ஆகவே எழுவாயைத் தேட வேண்டும். எதிர்காலம் நொஸேஸோ, எளிய இறந்தகாலம் எனொஸேஸ, முற்றிய காலம் நெனொஸேக்க. எதிர்காலம் முதல் மூன்றிலும் அடியின் எகரம் ஏகாரமாக நீள்வதைக் கவனியுங்கள்.

இங்கேதான் சுரக்குறி உயிர்நாடியாகிறது. நொஸோ என்ற எழுத்துக்கோவை முதலசையில் ஏறுகுறியோடு வந்தால் 'இரண்டு நோய்கள்'. ஈற்றில் வளைகுறியோடு வந்தால் 'நான் நோயுற்றிருக்கிறேன்'. நொஸோன் முதலசையில் ஏறினால் 'நோய்களின்'. ஈற்றில் வளைந்தால் 'நோயுற்றவன்'. முதலாவது பெயரின் பன்மை, இரண்டாவது வினையின் எச்சம். எழுத்துக்கு எழுத்து ஒன்றே. குறியில்லாத படியைப் படிப்பவர் சுற்றியுள்ள சொற்களைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். முன்னால் தோன் நின்றால் நோய்கள், ஹோ நின்றால் நோயாளி.

ஹோ நொஸோன் என்பதை மொழிபெயர்க்கத் தமிழ் இலக்கணத்தில் ஆயத்தமாக ஓர் இடம் உண்டு: வினையாலணையும் பெயர். 'நோயுற்றவன்' என்பது வினையிலிருந்து வந்து, காலம் காட்டி, வேற்றுமையும் ஏற்கிறது. கிரேக்க எச்சமும் அதையேதான் செய்கிறது. ஹிப்போக்ரட்டிய நூல்களில் கொள்ளைநோய்க் குறிப்புகளின் முதல் புத்தகம், மருத்துவக் கலைக்கு மூன்று உறுப்புகள் என்கிறது: நொஸேம, நொஸெயோன், இயேத்ரொஸ். நோய், நோயுற்றவன், மருத்துவன். இதில் நொஸெயோன் என்று புணராமல் நிற்பது அயோனிய வடிவம். அதே பகுதியில்தான் நன்மை செய் அல்லது தீங்காவது செய்யாதிரு என்ற கருத்தும் வருகிறது.

எளிய இறந்தகால எச்சமான நொஸேஸாஸ் வேறொன்றைச் சொல்கிறது. நிலையைக் குறிக்கும் கிரேக்க வினைகள் இக்காலத்தில் வந்தால், அந்த நிலைக்குள் நுழைந்ததையோ, நிலை முழுவதும் கடந்ததையோ காட்டும். ஏதென்ஸின் தளபதி தெமிஸ்டோக்ளிஸின் முடிவைத் தூசிடிடீஸ் எழுதும்போது நொஸேஸாஸ் என்று தொடங்குகிறார், 'நோய்வாய்ப்பட்டு இறந்தார்'. கி.மு. 430-இல் ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோயை விவரிக்கும் முன் தம்மைப் பற்றி அவர் சொல்லும் ஒரு தொடரிலும் இதே சொல்: அவ்தொஸ் நொஸேஸாஸ், 'நானே அந்த நோய் கண்டு மீண்டவன், பிறர் துன்பப்பட்டதையும் கண்டவன்'. தமிழில் முதலாவதை வினையெச்சமாகவும் இரண்டாவதை வினையாலணையும் பெயராகவும் வைத்தால்தான் இயல்பாக அமையும். வடிவம் ஒன்றே என்பதற்காக மொழிபெயர்ப்பையும் ஒன்றாக்கக் கூடாது.

இந்த வினையின் மூன்று வடிவங்களை ஒரே மூச்சில் காட்டும் இடம் சோஃபோக்ளீஸின் மன்னன் ஈடிப்பஸ் நாடகத்தில் 60, 61-ஆம் அடிகள். தீபஸ் நகரம் கொள்ளைநோயில் வாடுகிறது. மக்கள் அரண்மனை முன் கூடியிருக்கிறார்கள். அரசன் சொல்கிறான்: நொஸெய்த்தெ பன்தெஸ், 'நீங்கள் எல்லாரும் நோயுற்றிருக்கிறீர்கள்'. அடுத்து கய் நொஸூன்தெஸ், 'நோயுற்றிருந்தும்'. கடைசியில், என் அளவுக்கு நோயுற்றவர் உங்களில் ஒருவரும் இல்லை என்று முடிக்கிறான்; அங்கே வினை நொஸெய். முன்னிலைப் பன்மை, எச்சப் பன்மை, படர்க்கை ஒருமை. பெரும்பாலான உரைகள் நடுவிலுள்ள எச்சத்தை எதிர்மறைப் பொருளில், 'இருந்தும்' என்று கொள்கின்றன. கிரேக்க எச்சம் காரணமா, காலமா, முரணா என்பதைத் தானாகச் சொல்லாது. படிப்பவர்தான் தர வேண்டும். அரசன் 'நோயுற்றவன்' என்று தன்னைச் சொல்வது மனவேதனையைக் கருதி. நகரத்து நோய்க்கு மூலமே அவன்தான் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது, பார்ப்பவர்களுக்குத் தெரியும். வினையில் ஏறிய சுமை அது. அதே ஆசிரியரின் அன்டிகொனே நாடகத்தில் குறிசொல்லும் தெய்ரேசியாஸ் அரசன் க்ரெயோனிடம் நகரமே உன் எண்ணத்தால் நோயுற்றிருக்கிறது என்று சொல்லும் அடியிலும் வினை நொஸெய்தான். நாடு, வீடு, மனம் எதற்கும் இந்த வினை பொருந்தும்.

வினையும் பெயரும் சேர்ந்து ஒரே தொடரில் வருவதும் கிரேக்கருக்குப் பிடித்த அமைப்பு. கி.மு. 409-இல் அரங்கேறிய, அவருடைய ஃபிலொக்தேத்தேஸ் நாடகத்தில் பாடகர் குழு நொஸெய் நொஸொன் அக்ரியான் என்கிறது. 'கொடிய நோயால் நோயுற்றிருக்கிறான்'. வினையின் அடியிலிருந்தே வரும் பெயர் செயப்படுபொருளாக நிற்கிறது. 'ஆட்டம் ஆடினான்', 'பாட்டுப் பாடினாள்' என்பதில் நாம் செய்வதும் இதுவே. அக்ரியான் என்ற பெண்பால் பெயரடை நொஸொன் பெண்பால் என்று மறுபடியும் உறுதிசெய்கிறது.

நொஸேம, கூட்டுச்சொற்கள், போலி உறவுகள்

வினையிலிருந்து பிறந்த மற்றொரு பெயர் நொஸேம. -ம ஈறு செயலின் விளைவைக் குறிக்கும். இது மூன்றாம் வாய்பாடு. ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத நடுப்பால். ஆறாம் வேற்றுமையில் நொஸேமத்தொஸ் என்று தகரம் வெளிப்படும், பன்மை நொஸேமத்த. பொருளில் நொஸொஸோடு பெரிதும் ஒன்றுவது. குறிப்பிட்ட ஒரு நோயைச் சுட்டும்போது மருத்துவ நூல்கள் இதை மிகுதியாக எடுக்கின்றன. நடுப்பால் பன்மை எழுவாயாக வந்தால் வினை ஒருமையில் வரும் என்பது கிரேக்க விதி. ஆகவே ஹய் நொஸொய் என்ற பெண்பால் எழுவாய்க்குப் பன்மை வினை, த நொஸேமத்த என்பதற்கு ஒருமை வினை. 'மாடுகள் வந்தது' என்று பேச்சில் சொல்லும் நமக்கு இதை ஏற்பது கடினமல்ல. எழுத்தில்தான் நாம் 'வந்தன' என்று திருத்திக்கொள்கிறோம். கிரேக்கர் ஒருமையையே இலக்கணமாக்கிவிட்டார்கள்.

பெயரடைகளில் அனொஸொஸ், 'நோயற்ற', முக்கியமானது. கொள்ளைநோய் வந்த அந்த ஆண்டு மற்ற நோய்களைப் பொறுத்தவரை நோயற்ற ஆண்டாக இருந்தது என்று தூசிடிடீஸ் எழுதுகிறார். ஆண்டு என்ற பொருளுள்ள எத்தொஸ் நடுப்பால் சொல். ஆகவே பெயரடை அனொஸொன் என்று நடுப்பாலில் வருகிறது. பிளேட்டோ தம் குடியரசு நூலின் மூன்றாம் புத்தகத்தில் நொஸொத்ரொஃபியா என்ற சொல்லைக் கொண்டுவருகிறார்: நோயைச் சீராட்டி வளர்த்தல். வேலைக்குப் போக வேண்டிய தச்சனுக்கு அப்படி நோயைப் பேணிக்கொண்டிருக்க நேரமில்லை என்பது அங்கே வாதம்.

இன்றைய மருத்துவச் சொற்களில் நொஸொ- முன்னொட்டாக வாழ்கிறது. நோய்களை வகைப்படுத்தும் துறை நோசாலஜி. ஃபிரான்ஸின் மொன்பெலியே நகரத்து மருத்துவர் பொய்சியே த சோவாஜ் 1763-இல் வெளியிட்ட பெருநூலின் தலைப்பிலேயே அச்சொல் இருக்கிறது. மருத்துவமனையில் தொற்றுவதை நோசோகோமியல் தொற்று என்பார்கள்; சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பின் தெரியவருவதை வழக்கமாக இக்கணக்கில் சேர்ப்பர். அதன் பின்பாதி, பேணுதல் என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து வந்தது.

ஈற்றில் வரும்போதுதான் ஏமாற்றம். விலங்கிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோயான ஜூனோசிஸில் இருப்பது நொஸொஸ்தான். ஸோயொன், 'விலங்கு', அதோடு சேர்ந்திருக்கிறது. ஆனால் டயக்னோசிஸ், ப்ரொக்னோசிஸ் இரண்டிலும் அது இல்லை. அங்கே இருப்பது க்னோஸிஸ், 'அறிதல்'. முன்னால் நிற்கும் ககரம் அதன் அடையாளம். த்ராம்போசிஸ், ட்யூபர்குலோசிஸ் போன்றவற்றில் -ஓஸிஸ் என்ற ஈறு மட்டுமே உண்டு. நிலையைக் குறிக்கும் ஈறு அது, நொஸொஸோடு தொடர்பற்றது. ஸ்டெனோசிஸ், ஹிப்னோசிஸ் இரண்டிலும் நகரம் தெரிகிறதே என்றால், அது ஸ்தெனொஸ் (குறுகிய), ஹுப்னொஸ் (உறக்கம்) என்ற அடிச்சொற்களின் நகரம். நாஸ்டால்ஜியாவும் வேறு: யொஹான்னெஸ் ஹோஃபர் 1688-இல் பாசல் நகரில் அளித்த மருத்துவ ஆய்வேட்டில் உருவாக்கிய அச்சொல்லின் முதல் பாதி நொஸ்தொஸ், 'வீடு திரும்புதல்'. நொஸ்தொஸ் ஆண்பால். ஒரு தகரத்தைத் தவறவிட்டால் வீடு திரும்புதல் நோயாகிவிடும். நேஸொஸின் ஏகாரத்தைத் தவறவிட்டால் தீவும் நோயாகிவிடும்.

மின்னூல்களில் இச்சொல்லைத் தேடுபவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. யூனிகோடில் ஏறுகுறியிட்ட ஒமிக்ரோனுக்கு இரண்டு குறியெண்கள் உண்டு; ஒன்று நவீன கிரேக்கப் பகுதியில், மற்றது பழங்கிரேக்க விரிவுப் பகுதியில். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். தேடுபொறி அவற்றைச் சமமாகக் கொள்ளாவிட்டால், பக்கத்திலேயே இருக்கும் சொல்லைக் கூட இல்லை என்று காட்டும். சொல்லின் ஈற்று சிக்மாவுக்கும் தனி எழுத்து. நடுவில் வருவதை ஈற்றில் தட்டச்சினாலும் கிடைக்காமல் போகலாம். அட்டிக், அயோனிய வடிவங்கள் இரண்டையும் தேட வேண்டும். குறிகளை நீக்கித் தேடும் வசதி இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்திவிட்டு, வரும் முடிவுகளில் 'நோய்களின்', 'நோயுற்றவன்' இரண்டையும் கையால் பிரிப்பதே பாதுகாப்பு.

இன்றைய கிரேக்கத்தில் பேச்சு வழக்குக்கு அரோஸ்தியா என்ற வேறு சொல் இருந்தாலும், எழுத்திலும் மருத்துவத்திலும் நொஸொஸ் அப்படியே இருக்கிறது. பார்க்கின்சன் நோயும் கோவிட்-19 நோயும் அங்கே நொஸொஸ்தான். இருமை போய்விட்டது, நான்காம் வேற்றுமை போய்விட்டது, 'நோயை' என்பதன் ஈற்று னகரமும் உதிர்ந்து நொஸொ ஆகிவிட்டது. ஒமிக்ரோனும் ஒமேகாவும் இன்று ஒரே ஒலி. -ஒய் என்ற பழைய இரட்டையுயிர் இகரமாகிவிட்டதால் 'நோய்கள்' நொஸி என்று ஒலிக்கிறது. பால் மட்டும் மாறவில்லை. சுட்டுச்சொல்லான ஹே இன்று இ என்று ஒலித்தாலும் அதே பெண்பால் எழுத்தால்தான் எழுதப்படுகிறது. பேச்சிலும் எழுத்திலும் -ஒஸ் என முடியும் பெண்பால் சொற்களுக்கு ஆண்பால் பெயரடை போட்டுவிடுவது கிரேக்கரிடையே இன்றும் நடக்கிற பிழை. பள்ளி ஆசிரியர்கள் அதைத் திருத்திக்கொண்டேதான் இருக்கிறார்கள்.